கடவுச்சொல்லை அடைத்தும் கேட்கிறதா? எஸ்எஸ்எச் நுழைவுச் சிக்கல்கள், அறிகுறிவாரியாக

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகம், செந்தூலில் ஓர் அச்சகம், பாயான் லெப்பாஸில் உதிரிபாகம் வெட்டித் தரும் பட்டறை. இப்படிப்பட்ட இடங்களில் மேசைக்கடியில் ஓர் உபுண்டு பெட்டி, அதாவது லினக்ஸ் சர்வர், இருக்கும். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்காக ரௌட்டரில் 22ஆம் போர்ட்டைத் திறந்து விட்டிருப்பார்கள். அமைத்துக் கொடுத்த ஆள் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார். இங்கே வருகிற நுழைவுக் கோளாறுகளுக்கு ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளை நேராகக் குற்றம் சொல்ல முடிவது அபூர்வம். கோப்பில் எழுதியிருப்பது ஒன்று, சர்வர் செய்வது வேறு. அதனால்தான் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் சர்வரைக் கேட்கிறோம், அப்புறம்தான் கோப்பைத் திறக்கிறோம்.

கட்டளைகளும் அமைப்புப் பெயர்களும் ஒலிப்புப்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கை வைக்கும் முன்

இரண்டு டெர்மினல் திறந்து இரண்டிலும் உள்ளே போய்விடுங்கள். ஒன்றில் வேலை பாருங்கள், மற்றதைத் தொடாதீர்கள். சேவையை ரீலோட் செய்தாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் இணைப்பு அறாது; புதிதாக வருகிறவருக்குத்தான் புது விதி. மாற்றம் செய்ததும் மூன்றாவது டெர்மினலிலிருந்து நுழைந்து பார்த்து, உள்ளே விட்டால்தான் பழையதை மூட வேண்டும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு பினாங்குப் பெட்டியைப் பூட்டிவிட்டால், சாவியைத் திருத்த 350 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

எஸ்எஸ்எச்டி என்பது சர்வரில் ஓடும் ஓபன்எஸ்எஸ்எச் நிரல். ‘சூடோ எஸ்எஸ்எச்டி -டி’ என்ற கட்டளைக்கு இரண்டு முகம். சின்ன எழுத்து ‘டி’ என்றால் கோப்பில் எழுத்துப்பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும். பெரிய எழுத்து ‘டி’ என்றால் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படித்து, கடைசியில் எந்த மதிப்பு நிற்கிறது என்று வரி வரியாகக் கொட்டும். நமக்கு வேண்டியது பெரிய ‘டி’. ஆனால் அதுவும் வட்டில் இருக்கும் கோப்புகளைத்தான் படிக்கிறது. ரீலோட் செய்யாத சர்வர் இன்னும் பழைய விதியிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே கடைசிச் சோதனை எப்போதும் வெளியிலிருந்துதான்.

அறிகுறி: ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ’ போட்டாச்சு, ஆனாலும் கடவுச்சொல் கேட்கிறது

அதிகம் வருவதும் அதிக ஆபத்தானதும் இதுதான். ‘நோ போட்டாச்சே அண்ணே’ என்று கோப்பைத் திறந்து காட்டுவார்கள், வரியும் இருக்கும். ஆனால் கதவு திறந்தே கிடக்கும்.

வேறொரு கணினியிலிருந்து, சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் கோப்புச் சோடி: பொதுச் சாவி சர்வரில், தனிச் சாவி உங்களிடம்) பயன்படுத்தாமல் முட்டிப் பாருங்கள்: ‘எஸ்எஸ்எச் -ஓ பப்கீஆதென்டிகேஷன்=நோ’ என்று தொடங்கி, பயனர் பெயரும் முகவரியும். மறுப்பு வரும்போது ‘பெர்மிஷன் டினைட்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. சர்வர் தன் வாயாலேயே ‘இன்னும் இந்த வழிகள் திறந்திருக்கின்றன’ என்று சொல்லும் இடம் அது. அதில் ‘பப்ளிக்கீ’ மட்டும் இருந்தால் சரி. ‘பாஸ்வேர்ட்’ அல்லது ‘கீபோர்ட்-இன்டராக்டிவ்’ கூட நின்றால், அல்லது மறுக்காமல் நேராகக் கடவுச்சொல் கேட்டால், கீழே உள்ள காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதல் காரணம், முந்தி வந்த வரி. பல மென்பொருள்களில் பின்னால் எழுதியது முன்னதை மாற்றும். எஸ்எஸ்எச்டியில் நேர் எதிர்: ஓர் அமைப்புக்கு முதலில் கிடைத்த மதிப்பே நிற்கும், பிறகு வருவதைச் சீந்தாது. உபுண்டுவிலும் டெபியனிலும் ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்’ கோப்பின் தலையிலேயே ‘இன்க்ளூட்’ வரி இருக்கிறது. அது ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி’ அடைவில் உள்ள துணைக் கோப்புகளைப் பெயர் வரிசையில் உள்ளே இழுக்கும். உபுண்டு சர்வரில் அங்கே ‘50-கிளவுட்-இனிட்.கான்ஃப்’ என்று ஒன்று உட்கார்ந்து ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் யெஸ்’ என்று ஒரே வரி வைத்திருக்கும். நீங்கள் பெரிய கோப்பில் கீழே எழுதிய ‘நோ’வுக்கு முறையே வராது. தீர்வு: அந்த 50ஐத் திருத்தாதீர்கள், பெட்டியைத் தொடக்கத்தில் அமைக்கும் கிளவுட்-இனிட் நிரல் மறுபடி எழுதிவிடக்கூடும். அதே அடைவில் ‘01-’ என்று தொடங்கும் உங்கள் கோப்பை வையுங்கள். பெயர் வரிசையில் முன்னால் நிற்கும், அதனால் அதுவே வெல்லும்.

இரண்டாவது, பக்கத்துக் கதவு. ‘பாஸ்வேர்ட்’ வேறு, ‘கீபோர்ட்-இன்டராக்டிவ்’ வேறு. இரண்டாவது வழியில் சர்வர் கேள்வி கேட்கும், பயனர் பதில் தருவார். கேள்வி எது என்று பேம் (லினக்ஸின் நுழைவுச் சரிபார்ப்பு அடுக்கு) முடிவு செய்கிறது. ‘யூஸ்பேம் யெஸ்’ ஆக இருந்தால் பேம் கேட்கும் முதல் கேள்வியே அதே பழைய கடவுச்சொல்தான். உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ‘கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் நோ’ என்பதையும் அதே 01 கோப்பில் சேருங்கள். 8.7க்கு முந்திய பதிப்புகளில் இதற்குப் பெயர் ‘சேலஞ்ச்ரெஸ்பான்ஸ்ஆதென்டிகேஷன்’. இருபடிச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் இதை அடைக்கக் கூடாது. அவர்களுக்குத் தனி அறிகுறி கீழே.

மூன்றாவது, ‘மேட்ச்’ வாலில் ஒட்டிய வரி. ‘மேட்ச் யூசர்’ என்று தொடங்கிய பிறகு, அடுத்த ‘மேட்ச்’ வரும் வரை அல்லது கோப்பு முடியும் வரை எல்லா வரியும் அந்தப் பயனருக்கு மட்டும். நடுவில் இடம் விட்டாலும், வரியை உள்தள்ளி எழுதாவிட்டாலும் எஸ்எஸ்எச்டிக்குக் கவலை இல்லை. கோப்பின் கடைசியில் அவசரமாகச் சேர்த்த ‘நோ’ இப்படித்தான் கோப்புப் பரிமாற்றத்துக்கென்று வைத்த ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் பொருந்தி நிற்கும். ஒரு குறிப்பிட்ட பயனருக்கு எது நிற்கிறது என்று பார்க்க, பெரிய ‘டி’யோடு பெரிய ‘சி’ சேர்த்து ‘யூசர்=’ என்று பெயரைக் கொடுங்கள்.

இதே வேகத்தில் ‘பெர்மிட்ரூட்லாகின்’ என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். 2015இல் வந்த 7.0 முதல் இயல்பு மதிப்பு ‘ப்ரொஹிபிட்-பாஸ்வேர்ட்’. ‘யெஸ்’ என்று இருந்தால் யாரோ வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார். ‘நோ’ ஆக்கிவிடுங்கள்.

அறிகுறி: சாவியைப் போட்டாச்சு, ஆனால் சர்வர் ஏற்கவில்லை

இது ஏன் பாதுகாப்புப் பிரச்சினை? சாவி வேலை செய்யாதபோது ‘தற்காலிகமாக’ கடவுச்சொல்லைத் திறந்து விடுவார்கள். அந்தத் தற்காலிகம் மூன்று வருடம் கிடக்கும்.

சர்வர் பக்கத்து லாக்கைப் பாருங்கள். உபுண்டுவில் ‘ஆத்.லாக்’, ராக்கி, அல்மா வகைகளில் ‘செக்யூர்’. ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்ற வரி இருந்தால் அனுமதி எண் தப்பு. ‘.எஸ்எஸ்எச்’ அடைவு 700, ‘ஆதரைஸ்டு_கீஸ்’ கோப்பு 600, இரண்டும் அந்தப் பயனரின் உடைமையாக இருக்க வேண்டும். பலர் தவறவிடுவது வீட்டு அடைவையே. அது 775 ஆக இருந்தால், குழுவில் உள்ள வேறொருவர் ‘.எஸ்எஸ்எச்’ அடைவையே பெயர் மாற்றித் தன்னுடையதை வைக்க முடியும் என்பதால் எஸ்எஸ்எச்டி சாவியைத் தொடாது. 755 ஆக்குங்கள். ‘ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் நோ’ என்று இணையத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது புகை வருகிறதென்று அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுகிற வேலை.

அனுமதி சரி என்றால் சாவி வரியையே எண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பொதுச் சாவியைத் தொலைபேசியிலிருந்து நகலெடுத்தால் நடுவில் வரி உடைந்திருக்கும். ஈடி25519 வகைப் பொதுச் சாவியில் வகைப் பெயருக்கு அடுத்து வரும் நீள எழுத்துக்கோவை சரியாக 68 எழுத்து, ஒரே வரி. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் மறுபடி வாங்குங்கள். புட்டி (விண்டோஸில் வழக்கமான எஸ்எஸ்எச் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் ‘சேவ் பப்ளிக் கீ’ பொத்தானில் சேமித்த கோப்பை அனுப்புவார்கள். அது பல வரி வடிவம், இங்கே செல்லாது. புட்டிஜென் சன்னலின் மேல் பெட்டியில் உள்ளதை நகலெடுக்கச் சொல்லுங்கள். பொதுச் சாவி வாட்ஸ்அப்பில் போனால் குற்றமில்லை. தனிச் சாவி போயிருந்தால் அந்தச் சாவியின் கதை முடிந்தது, புதிதாக உருவாக்குங்கள்.

பழைய கருவியிலிருந்து வருகிறவரின் ஆர்எஸ்ஏ சாவி மட்டும் மறுக்கப்பட்டால், எஸ்எச்ஏ-1 கையெழுத்தோடு வரும் ஆர்எஸ்ஏ முறையை ஓபன்எஸ்எஸ்எச் 8.8 இயல்பாக அடைத்துவிட்டதே காரணம். ஆர்எஸ்ஏ சாவியே கெட்டுவிடவில்லை, பழைய கையெழுத்து முறைதான் செல்லாது. சர்வரில் பழையதைத் திறக்காமல் அந்தப் பக்கத்து மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

அறிகுறி: ‘டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’

உங்கள் மடிக்கணினியின் ஏஜென்ட் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) தன்னிடமுள்ள எல்லாச் சாவியையும் ஒவ்வொன்றாக நீட்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரு முயற்சியாகக் கணக்காகும். ‘மேக்ஸ்ஆத்ட்ரைஸ்’ இயல்பு மதிப்பு 6. சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதற்கு முன்பே வெளியே தள்ளப்படுவீர்கள். சர்வரில் எண்ணைக் கூட்ட வேண்டாம். உங்கள் பக்கக் கோப்பில் அந்தச் சர்வருக்கு ‘ஐடென்டிட்டிஸ்ஒன்லி யெஸ்’ போட்டு, சாவிக் கோப்பின் பெயரைக் குறியுங்கள்.

அறிகுறி: வெளியாருக்கு நம் பயனர் பெயர்கள் தெரிந்திருக்கின்றன

லாக்கில் ‘அட்மின்’, ‘ஒராக்கிள்’, ‘டெஸ்ட்’ என்று பொதுப் பெயர்களாக முட்டினால் அது இணையம் முழுக்க நடக்கும் சலசலப்பு. ஆனால் அலுவலகத்தில் உண்மையாகவே இருக்கும் மூன்று பெயர்கள் மட்டும் வரிசையாக வந்தால், யாரோ பட்டியல் எடுத்துவிட்டார். மின்னஞ்சல் முகவரியின் முன்பாதியையே பயனர் பெயராக வைத்திருந்தால் அதுவே போதும். அப்படி இல்லையென்றால் பதிப்பைப் பாருங்கள்.

2016இல் வெளியான ஓட்டை (சிவிஇ-2016-6210; சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) நேரத்தை அளந்து பெயரைக் கண்டுபிடிப்பது. இல்லாத பயனருக்கு எஸ்எஸ்எச்டி ஒரு போலிக் கடவுச்சொல்லைப் புளோஃபிஷ் முறையில் சரிபார்த்தது. இருக்கும் பயனருக்கு எஸ்எச்ஏ-256 அல்லது 512. பத்து கிலோபைட் நீளத்துக்கு ஒரு கடவுச்சொல்லை அனுப்பினால், உண்மைப் பயனருக்குப் பதில் கண்கூடாகத் தாமதமாக வரும். 7.3இல் சரி செய்தார்கள். 2018இல் வந்த சிவிஇ-2018-15473 இன்னும் எளிது: வேண்டுமென்றே சிதைத்த சாவிக் கோரிக்கையை அனுப்ப வேண்டும். பயனர் இல்லையென்றால் சர்வர் உடனே ‘தோல்வி’ என்று மறுக்கும். இருந்தால் கோரிக்கையைப் பிரித்துப் படிக்கப் போய்த் திணறி இணைப்பையே வெட்டும். 7.7 வரை பாதிப்பு, 7.8இல் தீர்வு.

இவற்றுக்கு முன்பே 2015இல் இன்னொன்று வந்தது. கீபோர்ட்-இன்டராக்டிவ் வழியில் ஒரே கருவிப் பெயரை ஆயிரக்கணக்கில் அடுக்கி அனுப்பினால், ஆறு முயற்சி என்ற வரம்பு செல்லாமல் போயிற்று. இரண்டு நிமிட நுழைவு அவகாசம் முடியும் வரை கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். 6.9 வரை இந்தக் கோளாறு. ‘ஆறு முறைதானே’ என்ற தைரியத்தில் பலவீனமான கடவுச்சொல்லை வைத்தவர்களின் கணக்கு அன்றே தப்பாயிற்று.

பதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். உபுண்டு, டெபியன், ராக்கி எல்லாம் எண்ணை ஏற்றாமலே பழைய பதிப்புக்குள் ஒட்டுப்போடுவார்கள். ஸ்கேனர் சிவப்பு காட்டினாலும் நிறுவிய தொகுப்பின் சேஞ்ச்லாகில் அந்த சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பயமில்லை.

அறிகுறி: ஃபெயில்2பேன் ஓடுகிறது, ஆனால் யாரையும் தடுக்கவில்லை

ஃபெயில்2பேன் என்பது லாக்கைப் படித்து, தோற்றுக்கொண்டே இருக்கும் முகவரிகளைத் தடுக்கும் நிரல். ‘ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்எச்டி’ போடுங்கள். மொத்தத் தோல்வி பூஜ்யம் என்றால் அது தவறான இடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. டெபியன் 12இல், லாக்கைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வராது, ஆகவே ‘ஆத்.லாக்’ கோப்பே இருக்காது; ‘பேக்எண்ட் = சிஸ்டம்டி’ என்று மாற்றுங்கள். ஓபன்எஸ்எஸ்எச் 9.8 முதல் நுழைவு வேலையை ‘எஸ்எஸ்எச்டி-செஷன்’ என்ற தனி நிரல் பார்க்கிறது, லாக்கிலும் அந்தப் பெயரே விழும். பழைய வடிகட்டி ‘எஸ்எஸ்எச்டி’ என்ற பெயரை மட்டும் தேடினால் கண்ணெதிரே நடப்பதும் அதற்குத் தெரியாது.

தடை விழுகிறது, ஆனால் முயற்சி நிற்கவில்லை என்றால் ஐபிவி6 பக்கம் பாருங்கள். இங்குள்ள வீட்டு ஃபைபர் இணைப்புகளில் ஐபிவி6 சாதாரணம். ரௌட்டரில் ஐபிவி4க்கு மட்டும் விதி எழுதிவிட்டு மற்றதை மறப்பது அதைவிடச் சாதாரணம்.

எல்லா முயற்சியும் 192.168.1.1 போன்ற ரௌட்டர் முகவரியிலிருந்தே வருவதாகத் தெரிந்தால் கவனம். ரௌட்டர் முகவரியை மாற்றி அனுப்புகிறது. ஃபெயில்2பேன் அந்த ஒரு முகவரியைத் தடுத்தால் வெளியிலிருந்து நீங்களும் நுழைய முடியாது. 9.8 முதல் சர்வரிலேயே ‘பெர்சோர்ஸ்பெனல்டீஸ்’ வசதி இயல்பாக இயங்குவதால் இதே கூட்டுத் தண்டனை அங்கும் உண்டு. ஓர் அலுவலகத்தில் ஒருவரின் பழைய ஸ்கிரிப்ட் தோற்றுக்கொண்டே இருந்தால், அதே பொது முகவரியில் வரும் அனைவருக்கும் ‘நாட் அலவ்ட் அட் திஸ் டைம்’ என்று வரும். விலக்குப் பட்டியலில் முகவரியைச் சேர்க்கலாம், ஆனால் முதலில் அந்த ஸ்கிரிப்டைத் தேடுங்கள்.

போர்ட்டை 22இலிருந்து மாற்றினால் லாக் அமைதியாகும், அவ்வளவுதான். உபுண்டு 24.04இல் மாற்றியும் 22இலேயே கேட்டால், ‘டீமன்-ரீலோட்’ செய்து ‘எஸ்எஸ்எச்.சாக்கெட்’ சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். போர்ட்டை இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

அறிகுறி: இருபடிச் சரிபார்ப்பு வைத்தும் எண்ணைக் கேட்கவில்லை, அல்லது சரியான எண்ணையும் மறுக்கிறது

கேட்கவில்லையா? ‘ஆதென்டிகேஷன்மெத்தட்ஸ்’ வரியில் ஒரு காற்புள்ளியைத் தேடுங்கள். ‘பப்ளிக்கீ’, ‘கீபோர்ட்-இன்டராக்டிவ்’ இரண்டுக்கும் நடுவில் காற்புள்ளி இருந்தால் இரண்டும் கட்டாயம். வெறும் இடைவெளி இருந்தால் இரண்டில் ஒன்று போதும். ஒரு குறியில் இருபடி ஒருபடியாகிவிடும், லாக்கில் எந்தப் பிழையும் வராது.

காற்புள்ளி சரி, ஆனாலும் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் பேம் கோப்பில் ‘நல்ஓகே’ என்ற சொல் இருக்கும். ரகசிய எண்ணைப் பதிவு செய்யாதவரை அது சும்மா விட்டுவிடும். எல்லோரும் பதிவு செய்யும் வரைக்கும்தான் அது தேவை. முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

சரியான எண்ணை மறுத்தால் நேரம் பிசகியிருக்கிறது. இந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும், கணக்கு உலகப் பொது நேரத்தில் நடக்கும். கையால் கடிகாரம் திருத்தியவர், நேர மண்டலம் பொது நேரத்தில் இருக்கும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மலேசிய நேரத்தை அடித்துவிட்டால் சரியாக 8 மணி நேரம் முந்தி ஓடும். திரையில் மணி சரியாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மாலை இடிமழையில் மின்சாரம் ட்ரிப் ஆகி எழுந்த ராஸ்பெரி பை 4 இன்னொரு வகை: அதற்குப் பேட்டரிக் கடிகாரம் இல்லை, இணையம் வந்து நேரம் ஒத்துப்போகும் வரை எந்த எண்ணும் செல்லாது. ‘டைம்டேட்சிடிஎல்’ போட்டு ‘சிங்க்ரனைஸ்டு’ என்ற வரியில் ‘யெஸ்’ இருக்கிறதா பாருங்கள்.

அறிகுறி: வேலையை விட்டுப் போனவர் இன்னும் உள்ளே வருகிறார்

‘பாஸ்டபிள்யூடி -எல்’ போட்டுக் கணக்கைப் பூட்டிவிட்டோம் என்பார்கள். அது கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டும். ‘யூஸ்பேம் யெஸ்’ உள்ள லினக்ஸில் சாவி வழி அப்படியே திறந்திருக்கும். ‘யூசர்மோட் --எக்ஸ்பயர்டேட் 1’ போட்டுக் கணக்கையே காலாவதி ஆக்குங்கள். இப்போது உள்ளே இருந்தால் ‘லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர்’ கொடுத்து வெளியேற்றுங்கள், காலாவதி அவரைத் தானாக வெளியே தள்ளாது.

பிறகு சாவிகள். அவருடைய சாவி அவர் கணக்கில் மட்டும் இருந்ததா? ரூட் கணக்கிலும், காப்புப்படி எடுக்கும் கணக்கிலும் தேடுங்கள். ‘ஆதரைஸ்டு_கீஸ்2’ என்று எண்ணோடு முடியும் கோப்பையும் எஸ்எஸ்எச்டி இயல்பாகவே படிக்கிறது. திருட்டுச் சாவியை ஒளித்து வைக்க வசதியான மூலை அது, யாரும் திறப்பதில்லை. லாக்கில் ‘அக்செப்டட் பப்ளிக்கீ’ வரியின் கடைசியில் இருக்கும் கைரேகையையும், ‘எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப்’ காட்டும் ஒவ்வொரு சாவியின் கைரேகையையும் ஒப்பிட்டால் எந்தச் சாவி நுழைந்தது என்று தெரிந்துவிடும். ஐந்து பேர் ஒரே சாவியைப் பகிர்ந்திருந்தால் இந்த ஒப்பீட்டால் பயனே இல்லை. அதனால்தான் ஆளுக்கொரு சாவி.

அறிகுறி: சாவியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை, ஆனால் நுழைவு நடந்திருக்கிறது

முதலில் ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ ஓட்டி, போர்ட்டில் உண்மையில் கேட்பது எது என்று பாருங்கள். எஸ்எஸ்எச் பேசுவதெல்லாம் ஓபன்எஸ்எஸ்எச் ஆகாது. 2018 அக்டோபரில் லிப்எஸ்எஸ்எச் நூலகத்தில் வெளியான ஓட்டையில், ‘என்னைச் சரிபாருங்கள்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘சரிபார்த்தாயிற்று’ என்ற செய்தியை வருகிறவரே அனுப்பினால் சர்வர் நம்பிவிட்டது. 0.6 முதல் பாதிப்பு, 0.7.6, 0.8.4 பதிப்புகளில் தீர்வு. அதற்கு முன் 2007இல் சோலாரிஸ் 10 டெல்நெட்டில், பயனர் பெயருக்கு முன்னால் ‘-எஃப்’ சேர்த்தால் ‘இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்’ என்று லாகின் நிரல் உள்ளே விட்டது. பழைய சுவிட்ச், கேமரா ரெக்கார்டர் எதிலாவது டெல்நெட் திறந்திருந்தால் இன்றே மூடுங்கள்.

ஓபன்எஸ்எஸ்எச்தான் என்றால், லாக்கில் ‘டைம்அவுட் பிஃபோர் ஆதென்டிகேஷன்’ ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கிறதா? 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓட்டை (சிவிஇ-2024-6387) நுழைவு அவகாசம் தீரும் அந்த நொடியைக் குறிவைக்கிறது. 8.5 முதல் 9.7 வரை, கிளிப்சி என்ற அடிப்படை நூலகம் உள்ள லினக்ஸ்களில் பாதிப்பு. 2006இல் அடைத்த ஓட்டையே மறுபடி திறந்துகொண்டது. தொகுப்பைப் புதுப்பிப்பதுதான் தீர்வு. உடனே முடியாவிட்டால் ‘லாகின்கிரேஸ்டைம் 0’ அந்தத் தாக்குதலை நிறுத்தும். ஆனால் யாராவது இணைப்புகளைத் திறந்து போட்டு வாசலை அடைக்க வழி கிடைத்துவிடும், ஆகவே அதை நாள் கணக்கில் விடாதீர்கள்.

உள்ளே யாரோ வந்தது உறுதியானால் பெட்டியை அணைக்காதீர்கள், மறுதொடக்கமும் வேண்டாம். நெட்வொர்க் கம்பியை மட்டும் உருவுங்கள். கீபோர்டும் திரையும் செருகி, இணைப்புகள், ஓடும் நிரல்கள், லாக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். மலேசியாவின் கணினி அவசர உதவிக் குழுவான மைசெர்ட் நடத்தும் சைபர்999 சேவைக்குப் புகார் அனுப்பலாம். வாடிக்கையாளர் விவரம் அந்தப் பெட்டியில் இருந்து, கசிவால் கணிசமான பாதிப்பு வரக்கூடும் என்றால், 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். கசிவு தெரியவந்த நேரத்தை அப்போதே ஒரு தாளில் குறித்துவையுங்கள், 72 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்று பிறகு யாரும் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.